‘ஆக்சிஜன் சிலிண்டர்’னு கேட்காதீங்க மக்கா! அலுமினிய ஸ்கூபா டேங்க் வாங்கப் போறவங்களுக்கு ஒரு கைடு

தூத்துக்குடியில் திருச்செந்தூர் பஸ் ஏறி, முக்காணி தாண்டி, தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் ஆத்தூர். பஸ் ஜன்னல் வழியாகவே வெற்றிலைக் கொடிக்கால் தெரியும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே வெற்றிலைதான். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் புன்னக்காயல், ஆறு கடலில் சேரும் இடம். பாண்டியர்களின் முத்துத் துறையான கொற்கையும் பக்கம்தான். இப்போ கடலை விட்டு விலகி வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புது விஷயமே இல்லை.

புதுசு என்னன்னா, ரீல்ஸ் பார்த்துட்டு “அண்ணாச்சி, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிப் போட்டா நாமளே இறங்கிடலாம்ல?” என்று கேட்கும் தலைமுறை. கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த ‘ஆக்சிஜன்’ என்ற ஒரு வார்த்தை ஆளையே கொன்றுவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

உள்ளே இருப்பது வெறும் காத்துதான்

ஸ்கூபா டைவர் முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. பேப்பரில், டி.வி-யில் எல்லாம் அப்படித்தான் எழுதுகிறோம், எங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்று. 21 சதவிகிதம் ஆக்சிஜன், 78 சதவிகிதம் நைட்ரஜன். அதை வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைக்கிறார்கள்.

சுத்த ஆக்சிஜனை அடைத்துக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும்? சுமார் 6 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அதுவே விஷம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருக்கும் ரெகுலேட்டர் நழுவும், அப்புறம் மூழ்குவதுதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றுக்கு என்று இருக்கும் டேங்க்கில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்து, அதில் அழுத்தமான ஆக்சிஜன் நிரப்பினால் தீப்பிடிக்கும். ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் சப்ளை செய்பவரிடம் ‘தெரிஞ்சவர்தான், அடைச்சுத் தருவார்’ என்று போகாதீர்கள். கடையில் கேட்கும்போதும் ‘ஸ்கூபா டேங்க்’ அல்லது ‘டைவிங் ஏர் சிலிண்டர்’ என்றே கேளுங்கள்.

கல்லைக் கட்டி இறங்கிய கடல்

முத்துக் குளித்தவர்களுக்கு டேங்க் கிடையாது. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, அதன் எடையில் சட்டென்று கீழே போய், மூச்சு இருக்கும்வரை சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டு, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். சுறா வராமல் இருக்க மந்திரம் போட ‘கடல்கட்டி’ என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். 13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து இன்ஷூரன்ஸ்!

முத்துப் பார்களில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு சிப்பி போதுமான அளவு சேரவே இல்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு இந்தப் பார்களை ஆய்வு செய்யும் வழக்கமும் வந்தது. ஐ.நா-வின் உணவு, வேளாண்மை அமைப்பு அனுப்பிய இத்தாலிய நிபுணர் பாஸ்கியெரி-சால்வதோரி மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகள் பற்றி 1960-ல் அறிக்கை கொடுத்தார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் தூத்துக்குடிக் கடலுக்கடியில் இறங்கிப் பார்த்து எழுதிய கட்டுரைகளும் அந்தக் காலத்தவை. இன்று சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்கு டேங்க் மாட்டித்தான் இறங்குகிறார்கள்.

சங்கு எடுக்கும் தொழிலாளிகளின் கதை வேறு. மூச்சடக்கிக் குளித்தது போய், வள்ளத்தில் கம்ப்ரஸர் வைத்து, நீளக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் முறை வந்தது. டேங்க் வேண்டாம், ரீஃபில் செலவு வேண்டாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கீழே இருக்கலாம். அந்த ‘எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்’ என்பதில்தான் சிக்கல். ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்துகொண்டே போகும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழிகள் கிளம்பி மூட்டு, முதுகுத்தண்டு என்று போய் அடைக்கும். கை கால் விழுந்துவிடுவது இப்படித்தான். கம்ப்ரஸரின் இன்ஜின் புகை காற்று இழுக்கும் வாய்க்குள் போனால் கார்பன் மோனாக்சைடு, அது தனிக் கதை.

அப்போ டேங்க் வாங்கினால் இந்தப் பிரச்னை எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. டேங்க் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது ஒரு விதத்தில் பாதுகாப்பு. ஆனால் ஒன்று முடிந்ததும் அடுத்ததை மாட்டி நாள் முழுக்க இறங்கினால் அதே நைட்ரஜன், அதே ஆபத்து. பயிற்சியும் டைவ் கம்ப்யூட்டரும் இல்லாமல் டேங்க் மட்டும் வாங்குவது, லைசென்ஸ் எடுக்காமல் பைக் வாங்குவது மாதிரிகூட இல்லை, அதைவிட மோசம்.

முதல்ல, வாங்கணுமா?

வருஷத்துக்கு இரண்டு தடவை ராமேஸ்வரம், புதுச்சேரி என்று போய் டைவ் அடிப்பவர் என்றால் வேண்டாம். டைவ் சென்டரில் டேங்க் அவர்களே தருவார்கள். அந்தக் காசில் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க், அப்புறம் ஒரு டைவ் கம்ப்யூட்டர் வாங்குங்கள். டேங்க் எல்லாம் கடைசியில்.

சொந்த டேங்க் யாருக்குத் தேவைப்படும்? டைவ் ஸ்கூல் ஆரம்பிப்பவர்கள், கடல் ஆய்வு மாணவர் குழு, துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் பார்க்கும் வேலை, மீட்புப் பணி செய்பவர்கள், குழாயை விட்டு மாற நினைக்கும் சங்குத் தொழிலாளிகள். இவர்களும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்: எங்கே ரீஃபில் செய்வீர்கள்? சுவாசிக்கும் தரத்தில் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், அந்த டேங்க் வீட்டு மூலையில் நிற்கும் 14 கிலோ அலுமினியம்.

ஸ்டீலா, அலுமினியமா?

நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு அலுமினியம் தோதுதான். ஸ்டீல் துருப்பிடிக்கும், உள்ளே கொஞ்சம் ஈரம் போய்விட்டால் வேகமாகத் தின்னும். அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு ஆக்சைடு படலம் உண்டாகி, உலோகத்தைக் காப்பாற்றும். விலையும் பொதுவாகக் குறைவு. உலகம் முழுக்க டைவ் சென்டர்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது அலுமினிய டேங்க்தான்.

ஆனால் அலுமினியம் ஸ்டீல் அளவுக்கு வலு இல்லாதது, அதனால் சுவர் தடிமனாக இருக்கும். தரையில் தூக்கும்போது கனம் தெரியும். தண்ணீருக்குள் கதை தலைகீழ். அதிகம் விற்கும் ‘ஏ.எல்.80’ டேங்க் நிறைந்திருக்கும்போது லேசாக மூழ்கும். காற்று தீரத் தீர மிதக்கத் தொடங்கும், காலியாகும்போது கிட்டத்தட்ட 2 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். காரணம், காற்றுக்கு எடை உண்டு. முழு டேங்க்கில் இருக்கும் காற்று மட்டுமே இரண்டரை கிலோவுக்கு மேல்! அதனால் அலுமினிய டேங்க் போடுபவர் இடுப்பில் ஈயக்கட்டி கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால், டைவ் முடிவில் மேற்பரப்புக்கு அருகே நின்று நிதானிக்க வேண்டிய நேரத்தில் பலூன் மாதிரி மேலே போய்விடுவீர்கள்.

எவ்வளவு பெருசு?

ஏ.எல்.80 என்றால் 80 கன அடி என்று அர்த்தம். நிஜத்தில் 77.4 கன அடிதான் பிடிக்கும், விளம்பரக் கணக்கு அப்படி. உள்ளே 11.1 லிட்டர் தண்ணீர் ஊற்றலாம். அந்த இடத்தில் 207 பார், அதாவது 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சுமார் 2,200 லிட்டர் காற்றை அடைக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப் போல 90 மடங்குக்கும் மேல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய டேங்க் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? புதியவர் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆக 40 லிட்டர். 50 பார் கையிருப்பு வைத்துக்கொண்டு மேலே வரவேண்டும் என்பது வழக்கம். அதைக் கழித்தால் சுமார் 1,650 லிட்டர். நாற்பது நிமிடம் கிடைக்கும். 20 மீட்டரில் 27 நிமிடம்தான். வேலை செய்துகொண்டே இருப்பவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார் என்றால், 15 மீட்டரில் 22 நிமிடம். சங்குத் தொழிலாளிகள் ஏன் குழாயை விடத் தயங்குகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கில் புரியும். அவர்களைக் குறை சொல்லும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

ஒல்லியானவர்களுக்கும், குறைவாக சுவாசிப்பவர்களுக்கும் ஏ.எல்.63 போதும், தூக்கவும் எளிது. ஏ.எல்.100 என்பது 3,300 பி.எஸ்.ஐ. கேட்கும், எடையும் 18 கிலோவைத் தாண்டும். நிரப்பும் இடத்தில் 3,000-க்குத்தான் அடைப்பார்கள் என்றால் அதை வாங்கிப் பிரயோஜனமே இல்லை. ஏ.எல்.40 என்பது அவசரத்துக்குக் கூட எடுத்துப் போகும் குட்டி டேங்க். முதல் டேங்க் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 80.

தோளில் எழுதியிருக்கும் ஜாதகம்

டேங்க்கின் கழுத்துக்குக் கீழே, வளையும் இடத்தில், எழுத்துகளும் எண்களும் குத்தியிருக்கும். ஸ்டிக்கர் இல்லை, உலோகத்திலேயே பதித்தது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் விலை பேசும் முன் போன் டார்ச் அடித்து இதைப் படிக்க வேண்டும்.

அமெரிக்கத் தயாரிப்பு என்றால் ‘டி.ஓ.டி. 3ஏ.எல்.’ என்று இருக்கும். அதுதான் அலுமினியம் என்பதற்கான தரக்குறி. பக்கத்தில் 3000 என்று வேலை அழுத்தம். பிறகு சீரியல் எண், லக்ஸ்ஃபர், கேட்டலினா மாதிரி தயாரிப்பாளர் பெயர், ‘எஸ் 80’ என்று அளவு. மற்ற நாட்டுத் தயாரிப்புகளில் ‘ஐ.எஸ்.ஓ. 7866’ என்ற தரம் குறிப்பிட்டிருக்கலாம். அதோடு தேதி: மாதம், நடுவில் சோதித்தவரின் குறி, வருஷம். முதல் தேதி பிறந்த தேதி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஹைட்ரோ டெஸ்ட்டுக்கும் ஒரு தேதி சேர்ந்திருக்க வேண்டும். பிறந்து 15 வருஷம் ஆன டேங்க்கில் ஒரே ஒரு தேதி இருந்தால், அது 15 வருஷமாக டாக்டரிடம் போகாத ஆள்.

ஹைட்ரோ டெஸ்ட் என்பது டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக (3,000-க்கு 5,000 பி.எஸ்.ஐ.) அழுத்திப் பார்ப்பது. டேங்க் லேசாக வீங்கி, அழுத்தம் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் வீக்கம் நின்றுவிட்டால் ஃபெயில். பல நாடுகளில் இது 5 வருஷத்துக்கு ஒரு தடவை. வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்க்கும் பரிசோதனை, டைவிங் உலகத்தின் வழக்கப்படி வருஷத்துக்கு ஒரு தடவை. உள்ளே வெள்ளைப் பொடி, குழி, கழுத்து மரையில் கீறல், எண்ணெய் வாசனை, எது இருந்தாலும் நிரப்பக் கூடாது.

இப்போ முக்கியமான ஒன்று. 1970-களிலும் 80-களிலும் பல அலுமினிய டேங்க்குகள் ‘6351’ என்ற கலவையில் செய்யப்பட்டன. தொடர்ந்து அழுத்தத்தில் இருக்க இருக்க, கழுத்துப் பகுதியில் மெல்லிய விரிசல் வளர்வது இந்தக் கலவையின் குணம். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். காற்று நிரப்பும்போது வெடித்து, நிரப்பியவர்களே இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. லக்ஸ்ஃபர் நிறுவனம் அமெரிக்காவில் 1988-ல் 6061 என்ற கலவைக்கு மாறியது. மற்ற சில இடங்களில் மாற்றம் இன்னும் தாமதமாக வந்தது. கேட்டலினா ஆரம்பத்திலிருந்தே 6061-தான். பழைய 6351 டேங்க்கைச் சோதிக்கத் தனிக் கருவிகூட இருக்கிறது, ஆனால் பல டைவ் கடைகள் அதை நிரப்பவே மறுக்கின்றன. என் கருத்து: 1995-க்கு முந்தைய தேதி என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். துறைமுக ஊரில் பழைய சாமான் கடையில் ‘ஃபாரின் டேங்க், சும்மா இரும்பு விலைக்குத் தாரேன்’ என்று யாராவது சொன்னால், முதலில் தேதி.

புதுப் பெயின்ட் அடித்த பழைய டேங்க்கையும் சந்தேகப்படுங்கள். கார் பார்ட்ஸுக்குச் செய்வது போல பவுடர் கோட்டிங் போட்டு அடுப்பில் வைத்திருந்தால் போச்சு. 177 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்ட அலுமினிய சிலிண்டரைக் கழித்துக்கட்ட வேண்டும் என்பது விதி. சூட்டில் உலோகம் தளர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

வால்வு: ஒன்றரை மில்லிமீட்டர் விவகாரம்

ரெகுலேட்டரை மாட்டும் முறை இரண்டு. வெளியிலிருந்து கவ்வுவது யோக். மரை போட்டு உள்ளே திருகுவது டின். டின்தான் உறுதி. உங்கள் ரெகுலேட்டர் எதுவோ அதற்குத் தக்கபடி வால்வு வாங்குங்கள். நடுவில் ஒரு துண்டைக் கழற்றினால் டின், மாட்டினால் யோக் என்று இரண்டுக்கும் பொருந்தும் வால்வும் கிடைக்கிறது, அதுவே உத்தமம்.

உயிர் போகும் விஷயம் வேறிடத்தில் இருக்கிறது: வால்வின் அடிப்பக்கம் டேங்க் கழுத்தில் இறங்கும் மரை. ஐரோப்பிய டேங்க்குகளில் பெரும்பாலும் எம்25. அமெரிக்க டேங்க்குகளில் முக்கால் இஞ்ச். விட்டத்தில் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. எம்25 வால்வு முக்கால் இஞ்ச் கழுத்தில் திருகினால் இறங்கும். பொருந்திய மாதிரியே தெரியும். 200 பார் ஏறும்போது வால்வு தோட்டா மாதிரி பறக்கும். பழைய டேங்க் ஓரிடம், வால்வு இன்னோரிடம் என்று வாங்கி, பைப் ஃபிட்டிங் கடையில் முறுக்கி மாட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். டேங்க்கிலும் வால்விலும் மரை அளவு குத்தியிருக்கும், இரண்டும் ஒன்றா என்று படித்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

பில் மட்டும் போதாது

இந்தியாவில் அழுத்த சிலிண்டர் எல்லாம் கேஸ் சிலிண்டர் விதிகள், 2016-க்குள் வருகிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் இதற்குப் பொறுப்பு. அவர்கள் அங்கீகரித்த வகை சிலிண்டராக இருக்க வேண்டும், சோதனைச் சான்றிதழ் இருக்க வேண்டும். வெளிநாட்டு வெப்சைட்டில் 200, 250 டாலருக்கு ஏ.எல்.80 பார்த்து ‘ஆஹா’ என்று கார்ட்டில் போடாதீர்கள். சிலிண்டர் இறக்குமதிக்கு அனுமதி வேண்டும், இல்லையென்றால் கஸ்டம்ஸில் நிற்கும். வந்து சேர்ந்தாலும், சட்டப்படி நடக்கும் நிலையம் அதை நிரப்ப மறுக்கும்.

அதனால் விற்பவரிடம் பில்லோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, அந்த சீரியல் எண் போட்ட சோதனைச் சான்றிதழும் பெசோ அங்கீகார விவரமும். ‘அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க தம்பி’ என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். தீயணைப்பு வண்டியில் இருந்தது, வெல்டிங்குக்கு வைத்திருந்தது என்று வரும் சிலிண்டர்களையும் டைவிங்குக்கு மாற்றக் கூடாது. முன்னால் என்ன கேஸ் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொன்று: டேங்க் இருக்கிறது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் இறங்க முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே டைவ் அடித்தால் வழக்குதான். கடல் அட்டை பக்கமே போகாதீர்கள், 2001 முதல் அதற்குப் புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு.

இன்ஸ்டா விளம்பரத்து ‘மினி டேங்க்’

தண்ணீர் பாட்டில் சைஸில் ஒன்று, கைப்பம்பால் நீங்களே அடைத்துக்கொள்ளலாம், பயிற்சி தேவையில்லை என்று ஒரு விளம்பரம் வருகிறதே, அதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அரை லிட்டர் டேங்க் 200 பாரில் 100 லிட்டர் காற்று. மேலே இருக்கும்போதே ஐந்து நிமிடம். 10 மீட்டரில் இரண்டரை நிமிடம், பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை.

நேரம் குறைவு என்பதுகூட சின்னப் பிரச்னை. 3 மீட்டர் ஆழத்தில் ஒரு தடவை டேங்க் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரலில் காற்று விரிந்து கிழியும். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கமே அதற்குப் போதும். முத்துக் குளித்த தாத்தாக்களுக்கு இது நடக்கவில்லையே என்றால், அவர்கள் மேலே இழுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு வந்தார்கள். கீழே போய்ப் புதுக் காற்று வாங்கவில்லை. டேங்க் போட்டவருக்கு முதல் பாடமே ‘மூச்சை அடக்காதே’ என்பதுதான். நம் கரையின் பழக்கத்துக்கு நேர் எதிர், அதனாலேயே நன்றாக நீந்தத் தெரிந்த பையன்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

வாங்கியாச்சு, அப்புறம்?

நிரப்பும் இடத்தைப் போய்ப் பாருங்கள். கம்ப்ரஸர் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது, பக்கத்தில் ஜெனரேட்டர் புகை வருகிறதா, ஃபில்டர் மாற்றிய தேதி எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். ஐரோப்பியத் தரப்படி சுவாசக் காற்றில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரஸரால் அந்த அழுத்தமும் வராது, அந்தச் சுத்தமும் வராது. நிரப்பிய காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்த டேங்க்கோடு இறங்காதீர்கள். வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் இருக்கும் என்பதால்தான் இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்வது.

அவசரமாக அடைத்தால் டேங்க் சூடாகும். மீட்டரில் 3,000 காட்டும், ஆறியதும் குறைந்துவிடும். ‘ஏமாத்திட்டான்’ என்று சண்டைக்குப் போக வேண்டாம், மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள்.

டைவ் முடிந்ததும் கடைசி மூச்சு வரை காலி செய்யாமல் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைக்க வேண்டும். இல்லையென்றால் வால்வு வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே போகும். வெயிலில் நிற்கும் காருக்குள் நிறைந்த டேங்க்கை விட்டுப் போகாதீர்கள். வண்டியில் ஏற்றும்போது படுக்கவைத்து உருளாமல் கட்டவும்; நிற்க வைத்து, விழுந்து, வால்வு அடிபட்டால் செலவு உங்களுக்குத்தான். அடியில் ரப்பர் பூட் இருந்தால் அதைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பூட்டுக்குள் தங்கும் உப்புத் தண்ணீர்தான் அலுமினியத்தைக் குழி பறிக்கும். வெளியே பளிச்சென்று இருக்கும் டேங்க் அடியில் அரித்திருப்பது சகஜம், செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகும்போதும் பூட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.